மூத்தவளுக்குப் பார்க்காதது

ஜனவரி 9

சிட்டுவின் அப்பாவுக்கு,

போனில் நான் சொன்னதும் பட்டென்று வைத்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு எத்தனை தடவை அடித்தும் எடுக்கவில்லை. எடுத்தாலும்தான் என்ன பேசிவிட முடியும்? உங்கள் பக்கம் ஒரே அறையில் எட்டு ஆண்கள். என் பக்கம் அத்தை. வீட்டுப் போன் எப்போதும் அவர் இடுப்பில்தான். நான் பேசினால் எதிரில் உட்கார்ந்து வாயையே பார்ப்பார். அன்றைக்குத் தையல் கடை மாஸ்டரிடம் கெஞ்சிப் போன் வாங்கியதால் அவ்வளவாவது சொன்னேன். அதனால் எழுதுகிறேன். பதிலைக் கடை விலாசத்துக்குப் போடுங்கள். வீட்டுக்கு வேண்டாம்.

பாதியில் வைத்துவிட்டீர்களே, மீதியையும் கேளுங்கள். கர்ப்பப் பரிசோதனைக்கு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். எல்லாரிடமும் எடுப்பதுபோல என்னிடமும் ரத்தம் எடுத்தார்கள். மற்றவர்களுக்குச் சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டு, என்னை மட்டும் “நீங்க கொஞ்சம் இருங்கம்மா” என்றார்கள். கடைசி அறையில் ஆலோசகர் அக்கா ஒருத்தர் இருந்தார். கதவைச் சாத்திவிட்டு வந்து நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார். “உங்க ரத்தத்துல எச்.ஐ.வி. இருக்கும்மா.” எனக்கு அழுகை வரவில்லை. மேஜையில் கிடந்த பேனாவின் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தேன். “குழந்தைக்கு?” என்று மட்டும் கேட்டேன்.

குழந்தைக்கு வராமல் தடுக்கலாமாம். “தினம் ஒரு மாத்திரை, விடாம போடணும். பிரசவம் இங்கதான் பாக்கணும். பொறந்ததும் குழந்தைக்கு ஒரு மருந்து, கொஞ்ச வாரம் குடுக்கணும். இதெல்லாம் ஒழுங்கா செஞ்சா நூறு பிள்ளைல தொண்ணூத்தெட்டு தப்பிச்சிரும். ஒண்ணும் செய்யாம விட்டாத்தான் மூணுல ஒண்ணு மாட்டிக்கும்” என்றார்.

மாத்திரையைக் கடையில் பட்டன் டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன். வேலை முடிந்து கிளம்பும்போது ஒன்று விழுங்கிவிட்டு நடக்கிறேன். போட்டால் தலை சுற்றுகிறது, ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. பரவாயில்லை.

உங்களிடம் எதையும் விசாரிக்கப் போவதில்லை. நீங்களும் ரத்தம் கொடுத்துப் பாருங்கள். அதுதான் வேண்டும். அத்தைக்கு எதுவும் தெரிய வேண்டாம்.

சிட்டுவுக்கு மறுபடி காய்ச்சல். காதில் சீழ் நிற்கவே இல்லை. “அப்பா கப்பல்லயா இருக்காரு, கப்பலுக்கு அடியிலயா?” என்று கேட்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி

ஜனவரி 30

உன் கடிதம் வந்தது.

சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. நான் வீட்டுக்கு வந்ததே செப்டம்பரில் ஒரு தடவைதான். மிச்ச நாளெல்லாம் கப்பலின் அடிவயிற்றில் மல்லாந்து படுத்துக்கொண்டு வெல்டிங் அடிக்கிறேன். நெருப்புப் பொறி கழுத்துக்குள் இறங்கும்போதுகூட வேலையை நிறுத்த மாட்டேன். உன் கடிதத்தைப் படித்த அன்று நிறுத்திவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தேன். மேஸ்திரி பார்த்துவிட்டு “வீட்ல ஏதாச்சும் சாவா?” என்று கேட்டார்.

நான் இங்கே. நீ அங்கே. நாள் முழுக்கத் தையல் கடையில். போன் கொடுக்கும் அளவுக்கு மாஸ்டர் நல்லவர். வயிற்றில் இருப்பதற்கு நாள் கணக்கைச் சரியாகத்தான் பார்த்தாயா? இதை எழுதவே எனக்குக் கூசுகிறது. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ரத்தம் கொடுக்கச் சொல்கிறாய். இந்த நாட்டில் அது என்னவென்று உனக்குத் தெரியாது. அந்த வியாதி என்று தெரிந்தால் போட்ட உடுப்போடு விமானம் ஏற்றிவிடுவார்கள். பக்கத்து அறையில் ஒருவனை அப்படித்தான் கொண்டுபோனார்கள். அவன் செருப்பு ரொம்ப நாள் வாசலிலேயே கிடந்தது. தொட யாரும் முன்வரவில்லை.

அந்த மாத்திரையை நிறுத்து. வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு கண்டதையும் விழுங்காதே. வேறு இடத்தில் போய்ப் பார். ஆஸ்பத்திரிக்காரன் மாற்றிச் சொல்லியிருப்பான்.

பிப்ரவரி 14

சிட்டுவின் அப்பாவுக்கு,

நீங்கள் சொன்னபடியே வேறு இடத்தில் பார்த்தேன். அதே பதில்தான். மாத்திரையை நிறுத்தவில்லை, நிறுத்தவும் மாட்டேன். அந்த ஒன்றில் மட்டும் உங்கள் பேச்சைக் கேட்கப் போவதில்லை.

மாஸ்டரைப் பற்றி எழுதினீர்கள். அவருக்கு அறுபத்தைந்து வயது. ஊசித் துளை தெரியாமல் என்னிடம்தான் நூல் கோத்து வாங்குகிறார். இந்த வரியை அவரிடம் படித்துக் காட்டினால் சிரிப்பாரா, அழுவாரா தெரியவில்லை. நான் ரெண்டும் செய்தேன்.

சரி, கணக்குதானே கேட்டீர்கள்? நானே சொல்கிறேன். சிட்டுவுக்கும் ரத்தம் பார்க்க வேண்டும் என்று ஆலோசகர் அக்கா முதல் நாளே சொன்னார். “அவ நல்லாத்தான் இருக்கா” என்று எழுந்து வந்துவிட்டேன். நல்லாவா இருக்கிறாள்? நாலு வயதாகியும் இரண்டு வயது கவுன் சரியாக இருக்கிறது. வாயெல்லாம் வெள்ளைப் புண். நான்தானே தைக்கிறேன், பிள்ளை வளராதது எனக்குத் தெரியாதா? தெரிந்தும் பார்க்கப் பயந்துகொண்டிருந்தேன். போன வாரம் கொடுத்துவிட்டேன். முடிவு இன்னும் வரவில்லை.

அவளுக்கும் இருந்துவிட்டால் என்ன அர்த்தம்? அவள் வயிற்றில் இருந்தபோதோ, பால் குடித்தபோதோ எனக்கு அது இருந்திருக்கிறது. அப்போது நீங்கள் எந்தக் கப்பலுக்கு அடியில் இருந்தீர்கள்? நம் தெருப் பட்டறையில் வேலை பார்த்துவிட்டுப் பொழுது சாய வீட்டுக்கு வந்துகொண்டிருந்தீர்கள். நானும் தையல் கடைக்குப் போகத் தொடங்கியிருக்கவில்லை. உங்களையும் அத்தையையும் தவிர நான் முகம் பார்த்த மனுஷர் யார்?

தெருமுனை நர்சிங் ஹோமில்தான் அவளைப் பெற்றேன். எடை பார்த்தார்கள், பிரஷர் பார்த்தார்கள், இனிப்பு வாங்கித் தரச் சொன்னார்கள். இதை மட்டும் பார்க்கவில்லை.

இதற்கு மேல் என்னிடம் நாள் கேட்டால் நான் எழுதுவதை விட்டுவிடுவேன்.

மார்ச் 11

சிட்டுவின் அம்மாவுக்கு,

நாலைந்து தாள் கிழித்துவிட்டேன். இதையாவது அனுப்புகிறேன்.

நீ கேட்டது சரிதான். போன கடிதத்தை நீ தூக்கி அடுப்பில் போட்டுவிடு. நானாக இருந்தால் அதை எழுதியவனையும் சேர்த்துப் போட்டிருப்பேன்.

படுத்துக்கொண்டு யோசித்துப் பார்க்கிறேன். பட்டறையில் தகடு விழுந்து கால் நசுங்கியபோது ரத்தம் ஏற்றினார்களே, அதிலா, வேறு எதிலாவதா, எந்த வாசல் வழியாக வந்தது என்று பிடிபடவில்லை. வந்துவிட்டது. நான்தான் கதவைத் திறந்துவிட்டேன் என்றுதான் தோன்றுகிறது.

சிட்டு முடிவு என்ன? எழுது. நல்லதோ கெட்டதோ, எழுது. வேலையில் நிற்க முடியவில்லை. நேற்று ஒரு தையலைக் கோணலாகப் பற்றவைத்துவிட்டு, மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். (உன் தையலும் என் தையலும் ஒரே பெயர் என்று நீ முன்பு சிரிப்பாயே.)

ரத்தம் கொடுக்கத்தான் வேண்டும். தைரியம் வரவில்லை. கொஞ்சம் பொறு.

ஏப்ரல் 6

சிட்டுவின் அப்பாவுக்கு,

“வேறு எதிலாவதா” என்று எழுதியிருந்தீர்களே, அந்த இரண்டு சொல்லைப் பல தடவை படித்தேன். விட்டுவிட்டேன். வீடு எரியும்போது வத்திப்பெட்டி யாருடையது என்று கேட்டுக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை.

சிட்டுவுக்கு இருக்கிறது.

அக்கா சொல்லும்போது சிட்டு தரையில் உட்கார்ந்து காலி மருந்துப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். “ரொம்ப லேட்டா வந்திருக்கா. ஆனா மருந்து ஆரம்பிச்சிடலாம்” என்றார். கசப்பு மருந்து. மூக்கைப் பிடித்துப் புகட்டுகிறேன். குடித்து முடித்ததும் நாக்கை நீட்டி “போயிருச்சு” என்று காட்டுவாள்.

இனிமேல் எழுதுவதுதான் கஷ்டம். அத்தைக்குத் தெரிந்துவிட்டது. கடை விடுமுறை என்று மாத்திரைகளைக் கைக்குட்டையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். துவைக்கும்போது எடுத்துவிட்டார்.

“என்னடி இது?”

“ரத்தம் கம்மியா இருக்குன்னு குடுத்தாங்க அத்தை.”

“பொய் சொல்லாத. அந்தக் கடைசி ரூம் எதுக்குன்னு ஊருக்கே தெரியும். நீ அங்க குந்தியிருந்தத எதிர்வீட்டுக்காரி பாத்திருக்கா. எம்புள்ள அங்க நெருப்புல வேகறான், நீ இங்க என்ன ஆட்டம் போட்டுட்டு வந்து நிக்கற?”

நான் வாயைத் திறப்பதற்குள் எல்லாவற்றையும் சாக்கடையில் கொட்டிவிட்டார். குனிந்து பொறுக்கலாம் என்று பார்த்தேன். வயிறு இடம் கொடுக்கவில்லை. கரைந்து போய்விட்டது.

அதற்குப் பிறகு என்னை வெளியே விடவில்லை. மாத்திரை இல்லாமல் சில நாள் போனது. உள்ளே பிள்ளை உதைக்கும்போதெல்லாம் “இப்ப வந்திருக்குமோ, இப்ப வந்திருக்குமோ” என்று செத்துச் செத்துப் பிழைத்தேன். கடைசியில் மாஸ்டரே வீட்டுக்கு வந்து, அவசரத் துணி இருக்கிறது என்று சண்டை போட்டு அழைத்துப் போனார். நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அக்கா திட்டவில்லை. “விட்டத நெனச்சு அழுதா அது திரும்பி வராது. இன்னிக்குள்ளத இங்கயே போட்டுட்டுப் போங்க” என்று தண்ணீர் கொடுத்தார்.

இப்போது எனக்கும் சிட்டுவுக்கும் தட்டு வாசல் பக்கம். “பாட்டி ஏம்மா என் தட்ட வெளிய வச்சிட்டாங்க?” என்று கேட்கிறாள். நீங்களே சொல்லுங்கள், நான் என்ன சொல்லட்டும்?

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, தெரியும். அத்தையின் வாயை மூட நீங்கள் இருக்கிறீர்கள். நான் நூறு தடவை சொன்னாலும் அது பொய். நீங்கள் ஒரு தடவை சொன்னால் போதும்.

மே 8

சிட்டுவின் அம்மாவுக்கு,

ரத்தம் கொடுத்தேன். வேலைத்தளத்துக்குத் தெரியாமல், டவுனில் ஒரு சின்ன கிளினிக்கில். எனக்கும் இருக்கிறது. வெளியே வந்து ஒரு டீ குடித்தேன். அது சூடாக இருந்ததா என்றுகூட நினைவில்லை.

நேற்று அம்மாவுக்குப் போன் செய்தேன். வெளியே நின்று பேசத்தான் போனேன். காற்றும் கிரேன் சத்தமும். அம்மா “என்னது? என்னது?” என்றுகொண்டே இருந்தாள். உள்ளே வந்தேன். ஏழு பேரும் இருந்தார்கள், ஒருவன் சவரம் செய்துகொண்டிருந்தான். கத்திச் சொன்னேன்.

“அம்மா, அந்த வியாதி எனக்கும் இருக்கு. அவ ஒரு தப்பும் பண்ணல. எங்கிட்டேருந்துதான் அவளுக்குப் போச்சு. சிட்டுவுக்கும் எங்களாலதான் வந்துச்சு. அந்த மாத்திரைய நீ தடுத்தா வயித்துல இருக்கறதுக்கும் வரும். அப்பறம் நீதான் அதுக்குக் காரணம்.”

சவரம் செய்தவன் கத்தியை வைத்துவிட்டுத் திரும்பினான். அம்மா வைத்துவிட்டாளோ என்று பார்த்தேன். அப்புறம் “நீயுமா?” என்றாள். “சிட்டு சாப்பிட்டாளான்னு பாக்கறேன்” என்று வைத்துவிட்டாள்.

இன்று காலையில் என் டம்ளர் குப்பையில் கிடந்தது. படுக்கை வராந்தாவில். மேல்படுக்கைப் பெரியவர் மட்டும் அவர் டம்ளரில் எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். மத்தியானத்துக்குள் ஆபீசுக்கு விஷயம் போய்விட்டது. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். டிக்கெட் போடும்வரை ஆபீசுக்குப் பின்னால் ஒரு அறையில் இருக்க வேண்டுமாம். கடிதத்தைப் பெரியவர் பெயருக்கு அனுப்பு.

வேலை போனதைப் பற்றி இப்போது பேசாதே. பிரசவம் ஆகட்டும்.

ஜூன் 20

சிட்டுவின் அப்பாவுக்கு,

பையன் பிறந்திருக்கிறான். நான் நன்றாக இருக்கிறேன்.

நீங்கள் போன் பேசிய மறுநாள் காலையில் அத்தை வாசல் பக்கம் இருந்த தட்டுகளை எடுத்துக் கழுவி உள்ளே வைத்தார். பொழுது சாய மாத்திரையும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு வந்து எதிரில் நின்றார். விழுங்கும்வரை நின்றார். அதிலிருந்து தினமும் அப்படித்தான். அவர் பார்வைக்குப் பயந்தாவது மாத்திரை வேலை செய்யும்.

பிரசவ வார்டில் ஒரு நர்ஸ் எல்லாரும் கேட்கும்படி “அந்தக் கேஸ இந்தப் பக்கம் படுக்க வைக்காதீங்க” என்றாள். ஓரத்துக் கட்டிலுக்குத் தள்ளிவிட்டார்கள். வலி எடுத்துக் கூப்பிட்டால் யாரும் வரவில்லை. பக்கத்துக் கட்டில்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடைசியில் சின்ன வயது டாக்டரம்மா ஒருத்தர் ஓடி வந்து “கையுறை போட்டா எல்லாரும் ஒண்ணுதான், தள்ளுங்க” என்று கத்திவிட்டு அவரே பிரசவம் பார்த்தார். பிள்ளையைத் துடைத்ததும் முதல் வேலையாக அந்த மருந்தைத் துளித்துளியாக வாயில் விட்டார்கள். சப்புக் கொட்டினான். தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்க வேண்டும், வேறு எதுவும் கூடாது என்று அக்கா சொல்லியிருக்கிறார். அத்தை சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக்கொண்டு வந்தார். தடுத்தேன். “இதுவுமா வேணாம்?” என்று முணுமுணுத்துக்கொண்டே கீழே ஊற்றினார்.

சிட்டுவும் இதே ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறாள், குழந்தைகள் வார்டில். நெஞ்சில் சளி கட்டிவிட்டது. மூக்கில் குழாய் வைத்திருக்கிறார்கள். அத்தைக்கு அந்த வார்டுக்கும் இந்த வார்டுக்குமாக நடந்து நடந்து கால் வீங்கிவிட்டது. தம்பியைக் கண்ணாடி வழியாக அத்தைதான் அவளுக்குக் காட்டினார். “எனக்கும் அவனுக்கும் ஒரே மருந்தா?” என்று கேட்டாளாம். அத்தை ஆமாம் என்றாராம்.

டாக்டர் பார்க்கிறார்கள். சரியாகிவிடும் என்றுதான் நினைக்கிறேன்.

ஜூலை 6

சிட்டுவின் அம்மாவுக்கு,

பெரியவர் கடிதத்தைக் கொண்டுவந்து ஜன்னல் கம்பி வழியாக நீட்டினார். நான் படித்ததும் “பையனா பொண்ணா, சொல்லித் தொலைடா” என்று வெளியே நின்று கத்தினார். சொன்னேன். கம்பியைப் பிடித்து ஆட்டிச் சிரித்தார். இந்த அறையில் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

மூக்கு யார் மாதிரி? என்னைப் போல இருந்தால் இப்போதே தடவி விடு.

கணக்கு முடியவில்லை என்று இழுத்தடித்து, இப்போது டிக்கெட் ஆகஸ்ட் கடைசியில் என்கிறார்கள். வெறுங்கையோடு வருகிறேன் என்று நினைக்காதே. பெரியவரிடம் சொல்லி சிட்டுவுக்கு ஷூ வாங்கச் சொல்லியிருக்கிறேன். நடந்தால் அடியில் சிவப்பு விளக்கு எரியுமே, அந்த மாதிரி. அவள் காலுக்கு இப்போது என்ன அளவு என்று உடனே எழுது. சளி விட்டிருக்கும். அவளிடம் சொல், அப்பா கப்பலுக்கு அடியிலிருந்து வெளியே வந்துவிட்டார் என்று.

ஜூலை 15

அளவு கேட்டிருந்தீர்கள். ஷூ வேண்டாம்.

ஜூன் மாதமே சிட்டு போய்விட்டாள். நான் கடிதம் எழுதித் தபாலில் போட்ட வாரத்திலேயே. அத்தை மடியில்தான் இருந்தாள். நான் பிரசவ வார்டிலிருந்து ஓடிப் போவதற்குள் முடிந்துவிட்டது. அன்று காலையில் மருந்து குடித்துவிட்டு நாக்கை நீட்டிக் காட்டினாளாம்.

உங்களுக்கு எப்படி எழுதுவது என்று தெரியாமல் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன். அதற்குள் உங்கள் கடிதம் வந்துவிட்டது.

அத்தை இன்னும் அவள் தட்டைக் கழுவி வைக்கிறார்.

ஜூலை 29

அளவு வருமுன்பே பெரியவர் ஷூவை வாங்கிவிட்டிருந்தார். கடையில் திருப்பிக் கொடுக்கப் போனார். வாங்க மாட்டேன் என்றுவிட்டானாம். இங்கே ஒரு பங்களாத் தோட்டக்காரரின் பேத்திக்குக் கொடுத்துவிடச் சொன்னேன்.

எழுத வரவில்லை. பையனுக்கு மருந்தை விடாதே.

ஆகஸ்ட் 17

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

எப்போதும்போல அவள் பெயரைப் போட்டுத் தொடங்க வந்தால் கை நின்றுவிட்டது. அதனால்தான் இப்படி.

பையனின் முதல் ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. இல்லை. அவனுக்கு இல்லை. அக்கா சொன்னபோது நான் மறுபடி கேட்டேன். மறுபடியும் “இல்லம்மா” என்றார். பால் மறக்கும்வரை இன்னும் சில தடவை பார்க்க வேண்டுமாம், அதுவரை என் மாத்திரை தவறக் கூடாதாம். “ஆனா பெரிய ஆத்தத் தாண்டிட்டோம்” என்றார். சந்தோஷப்படு என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். அந்தச் சந்தோஷம் எங்கே போய் உட்காருவது என்று தெரியாமல் வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. அத்தை செய்தி கேட்டதும் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து நெடுநேரம் அழுதார். யாருக்காக என்று நான் கேட்கவில்லை.

அன்றைக்கு அந்த அறை வாசலில் ஒரு சின்னப் பெண், முதல் பிரசவம்போல. ரத்தம் கொடுக்க மாட்டேன் என்று அழிச்சாட்டியம். “எனக்கு எதுக்கு அந்த டெஸ்டு? நான் அப்படிப்பட்டவளா?” என்று நர்ஸிடம் சண்டை. அவள் அம்மா வேறு “வாடி போகலாம்” என்று கையைப் பிடித்து இழுக்கிறாள். நான் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்கு அறிவுரை சொல்ல வராது. “மூத்தவளுக்கு நான் பாக்கலம்மா. இவனுக்குப் பாத்தேன்” என்றேன். பையனை உற்றுப் பார்த்தாள். “மூத்தவ எங்க, அக்கா?” என்று கேட்டாள். நான் பையனை மறு தோளுக்கு மாற்றினேன். அவள் அம்மாவின் கையை விடுவித்துக்கொண்டு வளையலை மேலே தள்ளினாள்.

உங்கள் பெயரையும் அக்காவிடம் கொடுத்துவிட்டேன். வந்ததும் உங்களுக்கும் மாத்திரை தொடங்க வேண்டும். அத்தை இரண்டு பேருக்கும் சேர்த்துத் தண்ணீர் கொண்டுவந்து நிற்பார், தப்பிக்க முடியாது. மன்னிப்பு பற்றியெல்லாம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். முடியுமா என்று எனக்கே தெரியவில்லை. வாருங்கள்.

விமான நிலைய வாசலில் நிற்பேன். பையன் என் தோளில் இருப்பான், அவனை உங்களுக்கு அடையாளம் தெரியாது. என்னைப் பார்த்ததும் பழக்கத்தில், மூத்தவள் நிற்கும் என் முழங்கால் பக்கம் குனிந்து பார்ப்பீர்கள். நான் இன்னமும் அப்படித்தான் பார்க்கிறேன். அன்றைக்கு ஒரு நாள் மட்டும் கீழே பார்க்காமல் நேராக வாருங்கள்.

உங்கள் மனைவி